பழைய கண்ணாடிப் பொருள் சேர்க்க இறங்குகிறவர்களுக்கு: சேலம், ஏற்காடு வழிகாட்டி

சேலத்திலும் ஏற்காட்டிலும் பழைய கண்ணாடிப் பொருளுக்குப் பஞ்சமில்லை. செவ்வாய்ப்பேட்டை, அக்ரஹாரம் பக்கத்துப் பழைய வீட்டுப் பரண்களிலும் மலைமேல் காபி எஸ்டேட் பங்களா அலமாரிகளிலும் விளக்குக் கண்ணாடி, பூ ஜாடி, டிகேன்டர் (மது ஊற்றி வைக்கும் மூடியுள்ள குடுவை), சோடா பாட்டில், ரசம் போன நிலைக்கண்ணாடி எல்லாம் இன்னும் இருக்கின்றன. எதை எடுப்பது, எவ்வளவு கொடுப்பது, எடுத்ததைக் கெடாமல் எப்படி வைத்துக்கொள்வது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். போலியை வாங்கி ஏமாறுவதைவிட, நல்ல பொருளை வாங்கி வழியிலும் கழுவும் இடத்திலும் பறிகொடுப்பவர்களே அதிகம். அதனால் அந்த இரண்டு படிகளையும் கீழே கொஞ்சம் நீட்டியே சொல்லியிருக்கிறோம்.

1. முதலில் ஒரே ஒரு வகையைப் பிடியுங்கள்

கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் ஆறு மாதத்தில் அலமாரி நிறையும், எதைப் பற்றியும் சரியாகத் தெரியாது. ஒரு வகையை எடுத்துக்கொண்டு குறைந்தது ஐம்பது பொருளையாவது கையில் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நம் பக்கத்தில் கிடைப்பவை இவை.

கோலி சோடா பாட்டில்: தொடங்குவதற்கு இதுதான் நல்லது. விலை குறைவு, கெட்டியான கண்ணாடி, கற்றுக்கொள்ள நிறைய விஷயம். பழைய பாட்டிலில் சோடா கம்பெனிப் பெயரும் ஊர்ப் பெயரும் புடைப்பெழுத்தாக இருக்கும். உங்கள் ஊர்ப் பெயர் வார்த்த பாட்டில் கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் இதே பாட்டிலை உத்தரப் பிரதேசத்தில் இன்றும் புதிதாக வார்க்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

விளக்குக் கண்ணாடி: அரிக்கேன் குளோப், மேசை விளக்குச் சிம்னி, பால் கண்ணாடி ஷேடு, தொங்கும் லஸ்தர் விளக்கு (கண்ணாடித் தொங்கல்கள் கோத்த சரவிளக்கு). விளக்கோடு சேர்த்து வாங்கினால் திரி திருகும் குமிழைப் பாருங்கள். செய்தவர் பெயர் பெரும்பாலும் அங்கேதான் பொறித்திருக்கும். ஜெர்மனியின் ஃபாயர்ஹேண்ட், அமெரிக்காவின் டீட்ஸ், மகாராஷ்டிரத்து ஓகலேவாடியில் செய்த பிரபாகர் லாந்தர் ஆகியவை அடிக்கடி கண்ணில் படும் பெயர்கள்.

வார்ப்புக் கண்ணாடி: அச்சில் அழுத்திச் செய்த தட்டு, கிண்ணம், தம்ளர், ஜாடி. இதில் எண்ணெய் படர்ந்த நீர்போல வண்ணம் மின்னுபவற்றைக் கார்னிவல் கண்ணாடி என்பார்கள். ஃபிரோசாபாத்தின் ஜெயின் கிளாஸ் ஒர்க்ஸ் இந்தியாவிலேயே இதைச் செய்தது. அதன் சில பொருள்களில் ‘ஜெயின்’ என்ற பெயர் ஆங்கில எழுத்தில் வார்த்திருக்கும். வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்லி விற்கப்படுபவற்றில் இவையும் கலந்து வரும். இந்தியச் சரக்கு என்பதால் மதிப்புக் குறைவு என்று நினைக்காதீர்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இதைத் தேடி வாங்குகிறார்கள்.

கண்ணாடி ஓவியம்: கண்ணாடியின் பின்பக்கம் வரைந்த தஞ்சாவூர், மைசூர் பாணிச் சாமி படங்கள். அழகானவை, ஆனால் பராமரிப்பு கடினம். முதல் வருடம் இதைத் தொடாமலிருப்பது நல்லது.

பெல்ஜியம் கண்ணாடி: நம் ஊரில் பழைய நிலைக்கண்ணாடி எல்லாவற்றுக்கும் இந்தப் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். பெயருக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தர வேண்டாம்.

2. கைப்பையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் மடக்கு லென்ஸ் ஒன்று. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள், சில நூறு ரூபாயில் முடியும். அடுத்தது புற ஊதா டார்ச். கள்ள நோட்டுப் பார்க்க விற்கும் 395 நானோமீட்டர் டார்ச் தொடக்கத்துக்குப் போதும். 365 உள்ளது விலை கூடுதல், ஆனால் ஒட்டுவேலையை அது தெளிவாகக் காட்டும். இவற்றோடு துணி டேப், வெள்ளை டிஷ்யூ, சின்னத் தண்ணீர் பாட்டில், ஒரு கறுப்புத் துணி. கடையில் வெளிச்சம் அதிகமென்றால் கறுப்புத் துணிக்குள் வைத்துத்தான் டார்ச் அடிக்க முடியும்.

வண்டியில் ஒரு கெட்டியான அட்டைப் பெட்டியும் நான்கு பழைய வேட்டிகளும் எப்போதும் இருக்கட்டும். அது இல்லாமல் வாங்கப் போகவே கூடாது.

3. எங்கே தேடுவது, எப்போது போவது

காயலான் கடைகள்தான் முதல் இடம். போகிக்கு முந்தைய வாரமும் பொங்கல் முடிந்த வாரமும் அங்கே சரக்கு குவியும். ஆயுத பூஜைக்கு முன்னால் பழைய பட்டறை, அச்சகம், மருந்துக் கடை ஆகியவற்றைச் சுத்தம் செய்யும்போது மருந்துக் குப்பிகளும் மிட்டாய் ஜாடிகளும் வெளியே வரும். மார்கழியிலும் ஆடியிலும் வீடு மாறுவதைத் தவிர்ப்பவர்கள் அதிகம் என்பதால், தை பிறந்ததும் பழைய வீடுகளைக் காலி செய்வதும் இடிப்பதும் வேகம் பிடிக்கும். வீடு இடிக்கும் காண்ட்ராக்டர் இரண்டு பேரின் அறிமுகம் பத்துக் கடைக்குச் சமம். வெண்டிலேட்டர் கலர் கண்ணாடி, கதவில் பதித்த பூ வேலைக் கண்ணாடி எல்லாம் அவர்களிடம்தான் வரும். இடித்த பிறகு போனால் தூள்தான் மிஞ்சும். இடிக்கத் தொடங்கும் முன் போய், சட்டத்தோடு கழற்றித் தரச் சொல்லுங்கள். கழற்றும் கூலியைத் தனியாகப் பேசுங்கள்.

ஏற்காட்டில் மே மாதம் போக வேண்டாம். கோடை விழாக் கூட்டத்தில் எல்லா விலையும் சுற்றுலாப் பயணி விலைதான். நவம்பர் தொடங்கி காபி அறுவடை நடக்கும்போது எஸ்டேட்காரர்களுக்கு உங்களோடு பேச நேரம் இருக்காது. அறுவடை முடிந்து மார்ச் மாதம் வாரநாளில் போவது உத்தமம். பங்களாவுக்கு நேரே போய்க் கேட்பதைவிட, அங்கே பெயின்ட் வேலை, தச்சு வேலை செய்பவர்கள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டுப் போங்கள். உரிமையாளரிடம் பேசாமல், வேலையாள் தனியாக எடுத்து வந்து தருவதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

வெளியூர் என்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உண்டு. புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும் பார்க்க வேண்டியதே. இரண்டு இடத்திலும் முதல் தடவை பார்க்க மட்டும் போங்கள். விலை கேட்டுக் குறித்துக்கொண்டு வந்தால், உள்ளூரில் பேரம் பேச அது உதவும்.

எங்கே போனாலும் பகல் வெளிச்சத்தில் போங்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் விரிசல் தெரியாது, அரித்து மங்கிப் பூத்துப்போன கண்ணாடியும் பளிச்சென்று இருக்கும்.

4. கையில் எடுத்துப் பார்க்கும் முறை

தூக்கும்போது கைப்பிடியையோ கழுத்தையோ பிடிக்காதீர்கள். ஒரு கை அடியில், ஒரு கை உடம்பில். மூடி இருந்தால் முதலில் மூடியை எடுத்துத் தனியே வையுங்கள். பிறகு எப்போதும் இதே வரிசையில் பாருங்கள். வரிசை மாறினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும்.

விளிம்பு. விரல் நுனியை மெதுவாக ஒரு சுற்று ஓட்டுங்கள், பிறகு நகத்தால் ஒரு சுற்று. கண்ணுக்குத் தெரியாத மூளி நகத்துக்குத் தெரியும். சில விற்பனையாளர்கள் மூளியான விளிம்பை அரைத்துச் சமப்படுத்திவிடுவார்கள். அப்படி அரைத்த விளிம்பு தட்டையாக, ஓரம் கூராக இருக்கும். தீயில் வாட்டி முடித்த பழைய விளிம்பு உருண்டு வழுவழுப்பாக இருக்கும். உயரமும் ஒரு பக்கம் குறைகிறதா என்று டேப் வைத்துப் பாருங்கள்.

உள்பக்கம். வெளியே பூ வேலை இருக்கிற இடத்தில் உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். உள்பக்கம் வழவழவென்று இருந்தால் அழுத்தி வார்த்தது. வெளியே மேடாக இருக்கும் இடம் உள்ளே பள்ளமாக இருந்தால் அச்சுக்குள் ஊதிச் செய்தது. கையால் வெட்டிய கட் கிளாஸ் என்று விலை சொன்னால், வெட்டின் முனைகள் விரலில் உறுத்த வேண்டும். கோடுகள் சந்திக்கும் இடங்களை லென்ஸில் பாருங்கள். கையால் வெட்டியதில் ஏதாவது ஒரு கோடு மயிரிழை தாண்டிப் போயிருக்கும். வார்ப்பில் எல்லா முனையும் மழுங்கி ஒரே மாதிரி இருக்கும், எங்காவது ஓர் அச்சுக் கோடும் ஓடும்.

அச்சுக் கோடு. பாட்டிலுக்கு இதுதான் ஜாதகம். பக்கவாட்டில் ஏறும் கோடு வாய் விளிம்புவரை போனால் எந்திரத்தில் செய்தது. தானாக இயங்கும் பாட்டில் எந்திரம் 1903இல்தான் வந்தது. கோடு கழுத்தோடு நின்று, வாய்ப் பகுதி தனியாக ஒட்டிச் செய்தது போலிருந்தால் பழைய முறை.

அடி. அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. ஊதிச் செய்த பொருளின் அடி நடுவில், செய்யும்போது ஒட்டிப் பிடித்த கம்பியை உடைத்தெடுத்த தழும்பு இருக்கும், அல்லது அதை அரைத்து மெருகிட்ட குழி இருக்கும். தழும்பு இருந்தால் பழையது என்று முடிவு கட்டாதீர்கள், இன்றும் கையால் ஊதுபவர்கள் அதே தழும்பை விடுகிறார்கள். தேய்மானத்தைப் பாருங்கள். அரை நூற்றாண்டு மேசையில் இருந்த பொருளின் அடியில், மேசையைத் தொடும் வளையத்தில் மட்டும் மெல்லிய கீறல்கள் இருக்கும். அவை எல்லாத் திசையிலும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். உப்புத்தாள் தேய்த்துப் பழையதாக்கியதில் கீறல்கள் ஒரே திசையில் போகும், மேசையைத் தொடவே தொடாத குழிவுக்குள்ளும் இருக்கும். லென்ஸில் பத்து விநாடி பார்த்தால் தெரிந்துவிடும்.

முத்திரை இருந்தால் காலத்தைக் குறுக்கலாம். செக்கோஸ்லோவாக்கியா என்றிருந்தால் 1918க்குப் பிறகு, 1992 முடிவதற்குள். மேற்கு ஜெர்மனி என்றால் 1949 முதல் 1990 வரை. ‘ஆக்குபைடு ஜப்பான்’ என்றால் இரண்டாம் உலகப் போர் முடிந்து 1952 வரை. ஆக, செக்கோஸ்லோவாக்கியா முத்திரையைக் காட்டி 150 வருடப் பொருள் என்று ஒருவர் சொன்னால் மேற்கொண்டு பேசத் தேவையில்லை. ‘யேரா’ என்றிருந்தால் வதோதராவின் அலெம்பிக் கண்ணாடி. தினப்படி உபயோகச் சரக்குதான், ஆனால் பழைய தம்ளர்கள் செட்டாகக் கிடைத்தால் வாங்கத் தகுந்தவை.

பிரான்ஸின் எமில் காலே கையெழுத்துப் போட்ட மேசை விளக்கு, ஜாடி என்று வந்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். அவர் 1904இல் இறந்தார். அவர் பாணியில் ருமேனியாவில் பெருமளவில் செய்து, ‘டிப்’ (TIP) என்ற சொல்லோடு விற்கிறார்கள். அந்த மூன்று எழுத்தை மட்டும் அரைத்தெடுத்துவிட்டு அசல் என்று கைமாற்றுவது உலகம் முழுக்க நடக்கிறது. கையெழுத்துக்குப் பக்கத்தில் தேய்த்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

புற ஊதா டார்ச். கறுப்புத் துணிக்குள் வைத்து அடியுங்கள். பச்சையாகப் பளீரென்று எரிந்தால் யுரேனியம் கலந்த கண்ணாடி. மங்கலான பச்சை என்றால் பெரும்பாலும் மாங்கனீஸ், அதற்கு யுரேனியம் விலை தரக் கூடாது. யுரேனியம் கண்ணாடியை அலமாரியில் வைத்துப் பார்ப்பதில் பயமில்லை. அதில் சாப்பிடுவதும் குடிப்பதும், அதை அரைப்பதும் கூடாது. டார்ச்சின் இன்னொரு பயன் ஒட்டுவேலையைப் பிடிப்பது. கைப்பிடி சேரும் இடம், தண்டு சேரும் இடம் எங்காவது வெண்மையாகவோ நீலமாகவோ கோடு ஒளிர்ந்தால் அங்கே பசை இருக்கிறது.

பூத்த கண்ணாடி. புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். பாட்டில், டிகேன்டர், பூ ஜாடிக்குள் வருடக்கணக்கில் தண்ணீர் நின்றால் கண்ணாடியின் மேற்பரப்பே அரித்துப் பால்போல மங்கிவிடும். எதைப் போட்டுக் கழுவினாலும் அது போகாது. ஈரமாக இருக்கும்வரை மங்கல் தெரியாது, காய்ந்தால் திரும்ப வரும். அதனால் உள்ளே எண்ணெய் தடவி விற்கிறார்கள். டிஷ்யூவை ஒரு குச்சியில் சுற்றி உள்ளே துடைத்து முகர்ந்து பாருங்கள். பாட்டிலைத் தண்ணீரோடு காட்டினால் கொட்டிக் காய வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வெறும் உப்புக் கறை என்று சொன்னால், உள்ளே விரலை வைத்துப் பாருங்கள். உப்பு சொரசொரப்பாகத் தட்டுப்படும். அரிப்பு வழுவழுப்பாகவே இருக்கும், ஆனால் மங்கல் இருக்கும்.

நிலைக்கண்ணாடி. பென்சில் முனையைக் கண்ணாடியில் தொட்டு வையுங்கள். முனைக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவே தெரியும் இடைவெளி கண்ணாடியின் கனத்தைக் காட்டும். பழைய கண்ணாடியில் உருவம் லேசாக நெளியும், வெண்மை கொஞ்சம் சாம்பல் கலந்திருக்கும். ஓரக் கரும்புள்ளி இருந்தால் இருக்கட்டும். புது ரசம் பூசினால் பழமை போய்விடும். மிகப் பழைய கண்ணாடிகளின் ரசத்தில் பாதரசம் உண்டு. பின்பக்கத்தைச் சுரண்டவோ துடைக்கவோ கூடாது. கீழ்ச் சட்டத்தில் சிறு உலோக மணிகள் உருண்டு கிடந்தால் அந்தக் கண்ணாடியை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

கண்ணாடி ஓவியம். முன்பக்கம் லென்ஸ் வைத்துப் பாருங்கள். வரிசையாக அச்சுப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சிட்ட தாளைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியது. தூரிகையால் வரைந்ததில் புள்ளி இருக்காது.

5. விலையும் ரசீதும்

முதல் பத்துப் பொருள்வரை, ஒன்றுக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டாமல் வையுங்கள். கண் பழகுவதற்குக் கொடுக்கும் கட்டணம் அது. சொல்லும் விலையோடு மூன்று செலவைக் கூட்டிப் பாருங்கள்: போய்வரும் செலவு, பெட்டி கட்டும் செலவு, குறையும் பாகத்தைத் தேடும் செலவு. கடைசியாகச் சொன்னதுதான் ஆளைக் கவிழ்க்கும். சிம்னி இல்லாத விளக்குக்கு அதே வாய் அளவில் சிம்னி கிடைக்கப் பல மாதம் ஆகும். சொந்த மூடி இல்லாத டிகேன்டரை ஜோடி போட முடியவே முடியாமல் போகலாம். மூடியில்லாதது, விளிம்பு மூளியானது, பூத்துப்போனது எதுவானாலும் முழுப்பொருள் விலையில் பாதிக்கு மேல் தர வேண்டாம். விரிசல் விட்டதை இனாமாகக் கொடுத்தாலும் யோசியுங்கள். விரிசல் ஓடிக்கொண்டேயிருக்கும்.

‘நூறு வருசத்துச் சாமான்’ என்று சொல்பவரிடம் சண்டை போடத் தேவையில்லை. “அப்படின்னா பில்லில் அதை எழுதிக் கொடுங்கண்ணா” என்று சொல்லுங்கள். விலை அங்கேயே இறங்கும்.

காயலான் கடையிலும் ரசீது வாங்குங்கள். ஒரு தாளில் தேதி, பொருளின் விவரம், உயரம், விலை, விற்பவர் பெயர், முகவரி, கையெழுத்து, ‘இது என் சொந்தப் பொருள், யாருக்கும் பாத்தியம் இல்லை’ என்ற ஒரு வரி. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவின்படி குற்றம். கோயில், சர்ச், மடம் எங்கிருந்தாவது வந்தது என்று சந்தேகம் வந்தால் தொடவே வேண்டாம். பாகம் பிரியாத குடும்பச் சொத்திலிருந்து வாங்கினால் பங்குதாரர் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அண்ணன் விற்றதைத் தம்பி வந்து திருப்பிக் கேட்பது நடக்கிற விஷயம். பணத்தை முடிந்தவரை யுபிஐ வழியாகவே கொடுங்கள், தேதியோடு ஒரு பதிவு நிற்கும்.

6. மலையிலிருந்து இறக்குவது

ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் பெட்டிக்குள் இருப்பது ஒரு பக்கமாகச் சாயும். உடைவது மோதலால் மட்டுமில்லை, ஒன்றோடொன்று உரசுவதாலும்தான்.

பிரிக்கக்கூடிய எல்லாவற்றையும் பிரியுங்கள்: சிம்னி, ஷேடு, மூடி, லஸ்தர் விளக்கின் ஒவ்வொரு தொங்கலும். தொங்கல்களைக் கழற்றும் முன் நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் திரும்பக் கோக்க முடியாது. ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துணியில் சுற்றி, மேலே குமிழி உறை. நியூஸ்பேப்பர் நேரே படக் கூடாது, மை தங்க வேலையிலும் பால் கண்ணாடியிலும் ஏறும். ஜாடிக்குள் துணியைத் திணிக்காதீர்கள், தளர்வாக நிரப்புங்கள். பெட்டியின் எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் மெத்தை இருக்க வேண்டும். பெட்டியை மூடி, தூக்கி லேசாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது நகர்ந்தால் பிரித்து மறுபடி கட்டுங்கள்.

காரில் டிக்கியில் வைக்க வேண்டாம். முன் சீட்டுக்குப் பின்னால், கால் வைக்கும் இடத்தில் தரையோடு வையுங்கள். பஸ் என்றால் மடியில். நிலைக்கண்ணாடியைப் படுக்க வைத்துக் கொண்டுபோகக் கூடாது, நிற்க வைத்துச் சாய்த்துக் கட்டுங்கள். கண்ணாடி ஓவியம் இதற்கு நேர் எதிர். வண்ணம் உதிரும் நிலையில் இருந்தால் கண்ணாடிப் பக்கம் கீழே இருக்கப் படுக்க வைத்து எடுத்து வாருங்கள், உதிர்ந்தாலும் அந்தந்த இடத்திலேயே கிடக்கும்.

கூரியரில் அனுப்பச் சொல்லும் முன், கண்ணாடி உடைந்தால் ஈடு உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். ‘உடையும் பொருள்’ என்று ஸ்டிக்கர் ஒட்டுவதை நம்பிப் பெட்டியை மெல்லிசாகக் கட்டாதீர்கள்.

7. கழுவுவது

வீட்டுக்கு வந்ததும் கழுவாதீர்கள். ஒரு நாள் முழுக்க அறை வெப்பத்துக்கு வரட்டும். ஏற்காட்டுக் குளிரிலிருந்து வந்த கனமான கண்ணாடியில் உடனே சுடுதண்ணீர் பட்டால் விரிசல் விடும்.

சிங்க்கில் கழுவக் கூடாது. ஸ்டீல் தொட்டியும் குழாய் மூக்கும் உடைத்த கண்ணாடிக்குக் கணக்கில்லை. பிளாஸ்டிக் டப்பில் டவல் விரித்து, கை பொறுக்கும் சூட்டுக்கும் குறைவான வெதுவெதுப்பான தண்ணீர், நாலைந்து சொட்டுப் பாத்திரம் கழுவும் லிக்விட். ஒரு நேரத்தில் ஒரு பொருள் மட்டும். மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். பஞ்சும் குழந்தைப் பல் பிரஷும் போதும். சாம்பல், சபீனா, தேங்காய் நார், பச்சை ஸ்க்ரப்பர் எல்லாம் கீறும். பித்தளைக்குப் பழக்கப்பட்ட புளியையும் எலுமிச்சையையும் தங்கக் கோடு போட்ட கண்ணாடி, வண்ணம் தீட்டியது, கார்னிவல் மூன்றின் பக்கமும் கொண்டுபோகாதீர்கள். இந்த மூன்று வகையையும் ஊற வைக்கவும் கூடாது.

சேலத்தில் போர் தண்ணீரில் அலசிக் காய வைத்தால் வெள்ளைத் திட்டு விழும். கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. தண்ணீரோ பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோ பயன்படுத்துங்கள், உடனே பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுங்கள். ஏற்கெனவே படிந்த உப்புக் கறைக்கு, ஒரு பங்கு வெள்ளை வினிகர், மூன்று பங்கு தண்ணீர் கலந்து உள்ளே ஊற்றி ஓர் இரவு. வாய் குறுகிய பாட்டில் என்றால் ஒரு பிடி அரிசியும் தண்ணீரும் போட்டு மெதுவாகச் சுழற்றுங்கள். மணல், இரும்பு ரவை வேண்டாம். பாத்ரூம் ஆசிட் கண்ணாடியை அரிக்காது என்று யாராவது சொல்வார்கள். தங்கக் கோட்டையும் பித்தளை வளையத்தையும் அது தின்றுவிடும்.

பித்தளை பொருத்திய விளக்கு, பிளாஸ்டர் வைத்து ஒட்டிய எண்ணெய்க் கிண்ணம் ஆகியவற்றை முக்கவே கூடாது. உள்ளே இருக்கும் பிளாஸ்டர் ஊறினால் விளக்கு ஆடும். ஈரத் துணியால் துடைத்தால் போதும். கண்ணாடி ஓவியத்தின் முன்பக்கத்தைப் பிழிந்த துணியால் நடுவில் மட்டும் துடைக்கலாம், சட்டத்தின் ஓரத்துக்குப் போகக் கூடாது. அங்கே இறங்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் வண்ணத்தைக் கழற்றும்.

மூடி சிக்கிக்கொண்டால் திருகாதீர்கள். இடைவெளியில் இரண்டு சொட்டு கிளிசரின் விட்டு இரண்டு நாள் விடுங்கள். பிறகு கழுத்தைச் சுற்றி மட்டும் வெதுவெதுப்பான துணி சுற்றி, மரக்கரண்டிக் காம்பால் மூடியை இரு பக்கமும் மாறி மாறி மெல்லத் தட்டுங்கள். நெருப்பில் காட்டக் கூடாது. அப்படியும் வராவிட்டால் சிக்கிய மூடியோடு வைத்துக்கொள்ளுங்கள், அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

உடைந்தால் ஃபெவிக்விக் வேண்டாம். துண்டுகளைத் தனித்தனியாகத் தாளில் சுற்றி, எண் எழுதி ஒரு டப்பாவில் வையுங்கள். தெரிந்தவர் கையில் பிறகு ஒட்டிக்கொள்ளலாம். பசை போட்டுக் கெடுத்ததைச் சரிசெய்வது கடினம்.

8. வீட்டில் வைப்பது

மேற்கு ஜன்னலோரம் வேண்டாம். சேலத்து மத்தியான வெயில் பட்ட இடமும் படாத இடமும் வெவ்வேறாகச் சூடாகி, பழைய கண்ணாடியில் அழுத்தம் ஏறும். உருண்டையான ஜாடி, தண்ணீர் நிரம்பிய குடுவை ஆகியவை வெயிலைக் குவித்துத் திரைச்சீலையைப் பற்ற வைக்கவும் கூடும்.

ஏற்காட்டில் வெயிலைவிட ஈரம்தான் எதிரி. மூடிய அலமாரிக்குள் சின்ன ஈரப்பத மானி ஒன்று வையுங்கள். 60 சதவீதத்தைத் தாண்டினால் சிலிக்கா ஜெல் பைகளை மாற்றுங்கள். பாட்டில், டிகேன்டர்களை மூடி போட்டு வைக்காதீர்கள். உள்ளே தங்கும் ஈரமே கண்ணாடியைப் பூக்க வைக்கும். பூ வைக்க ஆசை என்றால் பழைய ஜாடிக்குள் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா வைத்து அதில் தண்ணீர் ஊற்றுங்கள். ஈயம் கலந்த கிரிஸ்டல் டிகேன்டரில் குடிக்கும் எதையும் தேக்கி வைக்கக் கூடாது, ஈயம் கரைந்து இறங்கும்.

லஸ்தர் விளக்கை மின்விளக்காக மாற்றுபவர்கள் கண்ணாடியில் துளை போட விடாதீர்கள். குறைந்த வாட் எல்.இ.டி. பல்பு மட்டும், உலோகச் சட்டத்துக்கு எர்த் கட்டாயம். பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை (மர உத்தரத்தின் மேல் செங்கல் அடுக்கியது) என்றால் கொக்கியை உத்தரத்தில் மட்டுமே மாட்ட வேண்டும். மாட்டும் முன் விளக்கை எடை போட்டு, கொக்கி அதைப்போல் ஐந்து மடங்கு தாங்குமா என்று கொத்தனாரிடமும் எலெக்ட்ரீசியனிடமும் கேளுங்கள்.

9. பதிவேடும் சட்டமும்

ஒரு நோட்டில் பொருளுக்கு ஓர் எண், உயரம், வாய் அகலம், கிராமில் எடை, முத்திரை, வாங்கிய இடம், தேதி, மொத்தச் செலவு, இருக்கும் குறை. அடியையும் குறையையும் சேர்த்துப் போட்டோ. கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், நூலில் காகித அட்டை கட்டுங்கள்.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப் பொக்கிஷங்கள் சட்டம் நூறு வருடத்துக்குக் குறையாத கலை, கைவினைப் பொருளைத் தொல்பொருள் என்கிறது. வீட்டில் வைத்துக்கொள்ள வாங்குவதற்கு உரிமம் தேவையில்லை. தொல்பொருளை வாங்கி விற்கும் வியாபாரத்துக்கு உரிமம் வேண்டும். அரசு அறிவித்த சில வகைகளைப் பதிவு செய்ய வேண்டும், ஓவியங்கள் அதில் வருகின்றன. அதனால் நூறு வருடம் கடந்த கண்ணாடி ஓவியம் கைக்கு வந்தால், போட்டோவும் ரசீதும் எடுத்துக்கொண்டு தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் கேட்டுவிடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ கொடுத்தனுப்ப நினைப்பவர்கள் கவனிக்க: தனியார் யாரும் தொல்பொருளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. நூறு வருடம் ஆகாத பொருளும் பார்வைக்குப் பழையதாக இருந்தால் விமான நிலையத்தில் நிறுத்துவார்கள். இந்தியத் தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்றிதழை முன்கூட்டியே வாங்க வேண்டும். பொருளைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருக்கலாம் என்பதால் டிக்கெட் போட்ட பிறகு தொடங்காதீர்கள், பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். வாங்கிய ரசீதும் அளவுகளோடு எடுத்த போட்டோவும் அங்கே கேட்கப்படும்.

வாங்கிய பொருளை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகும்போது ரசீதின் நகலைப் பெட்டிக்குள் ஒன்று, கையில் ஒன்று வைத்திருங்கள். குடும்பத்தின் பழைய வீட்டுச் சாமானைக் கொண்டுபோகிறீர்கள் என்றால், உபயோகித்த வீட்டுப் பொருள் என்று பட்டியல் போட்டு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். உபயோகித்த சொந்த வீட்டுப் பொருளுக்கு ஜிஎஸ்டி இ-வே பில் (சரக்கு கொண்டுபோக இணையத்தில் எடுக்கும் சீட்டு) தேவையில்லை. கடையில் புதிதாக வாங்கிய சரக்குக்கு இது பொருந்தாது. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேல், மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய்க்கு மேல் பில் என்றால், இ-வே பில் போடுவது யார் என்பதை விற்பவரோடு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.